காதைப் பிளக்கும் விமானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

விமானங்களின் இரைச்சலை அளப்பதே பிழைப்பாக இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டியவன் நான். ஓடுபாதை ஓரத்தில் ஒலிமானியை நட்டுவைத்துவிட்டு வெயிலில் காத்திருப்பதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: உலகத்திலேயே அதிகச் சத்தம் போட்ட விமானம் எது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தண்டர்ஸ்க்ரீச். சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த விமானத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேச எனக்கு வராது.

அமெரிக்காவில் ரிபப்ளிக் நிறுவனம் கட்டிய எக்ஸ்எஃப்-84ஹெச் என்ற சோதனை விமானத்தின் பட்டப்பெயர் அது. 1955-ல் பறந்தது. ஜெட் போர் விமானத்தின் உடம்பை எடுத்து, அதற்குள் ஒரு டர்போபிராப் என்ஜினை (ஜெட் என்ஜினின் சக்தியால் புரொப்பெல்லரைச் சுற்றுவது) வைத்து, மூக்கில் புரொப்பெல்லரை மாட்டினார்கள். புரொப்பெல்லரின் விட்டம் சுமார் 3.7 மீட்டர். அது சுற்றும் வேகத்தில் அலகுகளின், அதாவது புரொப்பெல்லர் இதழ்களின், முனை மாக் 1.18-ஐத் தொட்டது. அதாவது ஒலியைவிடப் பதினெட்டு சதவீதம் அதிக வேகம். விமானம் நின்ற இடத்தில் நிற்கும், அதன் புரொப்பெல்லர் முனை மட்டும் ஒலியை முந்திக்கொண்டிருக்கும். ஒலியை முந்தும் எதுவும் அதிர்வலையை உண்டாக்கும். சாட்டையைச் சொடுக்கும்போது கேட்கும் 'பட்' சத்தம் அப்படிப்பட்டதுதான். அந்தச் சொடுக்கல் நொடிக்கு நூறு தடவை, நிற்காமல் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. மற்ற விமானங்களில் என்ஜினைத் தணித்தால் சத்தமும் அடங்கும். இதில் புரொப்பெல்லர் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும்; அலகுகளின் சாய்வை மாற்றித்தான் உந்துவிசையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஆகவே தரையில் சும்மா நிற்கும்போதும் அதே அலறல். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். பக்கத்தில் வேலை செய்த தரைப் பணியாளர்களுக்குக் குமட்டலும் தலைவலியும் வந்தன. இரண்டே விமானங்கள் கட்டப்பட்டன, இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு தடவை பறந்தன, அதோடு திட்டத்துக்கு மூடுவிழா. மிஞ்சிய ஒன்று ஒஹாயோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது சாதுவாக நிற்கிறது.

கேள்வி: அது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கும் பறப்பவற்றில் எது?

புரொப்பெல்லர் விமானங்களில் என்றால் தயங்காமல் ரஷ்யாவின் டியூ-95 என்பேன். 1952-ல் முதன்முதலாகப் பறந்த குண்டுவீச்சு விமானம், இன்னும் பணியில் இருக்கிறது. நான்கு என்ஜின்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நான்கு அலகுகள் கொண்ட இரண்டு புரொப்பெல்லர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றும். முன்னால் இருப்பது கலைத்துவிட்ட காற்றைப் பின்னால் இருப்பது வெட்டிக்கொண்டே போகும். அந்த வெட்டுதான் அதன் கனத்த உறுமலுக்கு முக்கியக் காரணம். போதாததற்கு, அலகு சுற்றும் வேகமும் விமானம் முன்னே போகும் வேகமும் சேர்ந்து முனைகளை ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகின்றன.

ஜெட் விமானங்களில் ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளைக் கொளுத்தும் ஏற்பாடு) போட்டுக் கிளம்பும் போர் விமானங்களும், அப்படி நான்கு என்ஜின் வைத்த அமெரிக்காவின் பி-1பி குண்டுவீச்சு விமானமும் முன்வரிசையில் நிற்கும்.

கேள்வி: 100 டெசிபலுக்கும் 110 டெசிபலுக்கும் பத்துதானே வித்தியாசம்? இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

டெசிபல் ஏணியில் ஒவ்வொரு பத்துப் படிக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாகப் படும். 100-லிருந்து 120 என்றால் ஆற்றல் நூறு மடங்கு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தூரத்தைச் சொல்லாமல் "இந்த விமானம் 130 டெசிபல்" என்று எழுதினால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஐம்பது மீட்டரில் அளந்ததையும் ஐந்நூறு மீட்டரில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்ட பட்டியல்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கேள்வி: பெரிய விமானம்தானே அதிகச் சத்தம் போட வேண்டும்? எங்கள் வீட்டுக்கு மேலே போகும் பிரம்மாண்டமான விமானத்தைவிடப் பழைய சின்ன ஜெட் ஒன்று அதிகமாக அலறுகிறதே?

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. சத்தத்தைத் தீர்மானிப்பதில் உருவத்தைவிட, என்ஜின் காற்றை எத்தனை வேகத்தில் பின்னால் எறிகிறது என்பதற்குத்தான் பங்கு அதிகம்.

1952-ல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஜெட் தாரையின் ஒலியாற்றல் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்றார். எட்டாம் அடுக்கு! வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒலியாற்றல் 256 மடங்கு. திருப்பிப் பாருங்கள்: வேகத்தைப் பாதியாக்கினால் 24 டெசிபல் குறையும். சத்தத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

சரி, வேகத்தைக் குறைத்தால் உந்துவிசையும் குறையுமே? குறையும். அதை ஈடுகட்ட, கொஞ்சம் காற்றை வேகமாக எறிவதற்குப் பதிலாக நிறையக் காற்றை நிதானமாகத் தள்ள வேண்டும். இன்றைய என்ஜின்களின் முன்னால் இருக்கும் அந்தப் பெரிய விசிறி இதற்குத்தான். ஆரம்பகாலப் போயிங் 707-ன் என்ஜின்களில் உள்ளே போன காற்று முழுவதும் எரி அறை வழியாகப் போய், கொதித்துக்கொண்டு சீறியது. அப்புறம் வந்த 737-200-ன் என்ஜின், சுருட்டு மாதிரி ஒல்லியாக நீளமாக இருக்கும், அதில் ஓரளவு காற்று எரி அறையைச் சுற்றிக்கொண்டு போனது. இப்போதைய என்ஜின்கள் சிலவற்றில் எரி அறைக்குள் ஒரு பங்கு போனால் வெளியே பத்துப் பன்னிரண்டு பங்கு போகிறது. போயிங் 777-ல் மாட்டும் ஜிஇ90 வகையின் பெரிய என்ஜினில் விசிறியின் விட்டம் மட்டும் 3.25 மீட்டர். குளிர்ந்த, மெதுவான காற்று நடுவில் இருக்கும் சூடான தாரையைப் போர்வை மாதிரி சுற்றிக்கொள்வதால் உரசலும் குறைகிறது.

இந்த மாற்றம் முதலில் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான் வந்தது. அமைதி உடன் கிடைத்த லாபம். இருந்தாலும் 1971-ல் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இரைச்சலுக்கு முதல் தரநிலையைக் கொண்டுவந்தது, அதன்பின் படிப்படியாக இறுக்கியது. விமானம் ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து 6,500 மீட்டரில் ஒன்று, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 450 மீட்டரில் ஒன்று, இறங்கும்போது ஓடுபாதை முனைக்கு 2,000 மீட்டர் முன்னால் ஒன்று என மூன்று இடங்களில் அளப்பார்கள். ராணுவ விமானங்களுக்கு இந்த விதி கிடையாது.

கேள்வி: போர் விமானம் போகும்போது வெறும் இரைச்சலாக இல்லாமல், துணியைக் கிழிப்பதுபோல் 'படபட'வென்று கேட்கிறதே, அது என்ன?

நல்ல காது உங்களுக்கு. அதற்குத் துறையில் கிராக்கிள் என்றே பெயர். ஆஃப்டர்பர்னர் என்பது என்ஜினை விட்டு வெளியேறும் சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துவது. தாரை ஒலியைவிட வேகமாகப் பாய்கிறது. அப்போது அழுத்தம் சீராக ஏறி இறங்காமல், கூர்மையான முட்களாகத் தெறிக்கிறது. காதுக்கு அது வெடிப்பொலி வரிசையாக விழுகிறது. சராசரி டெசிபல் ஒன்றாகவே இருந்தாலும் கிராக்கிள் உள்ள சத்தம்தான் மனிதர்களை அதிகம் எரிச்சல்படுத்தும். 1970-களில் இதைத் தனியாகப் பிரித்தறிந்து ஆராய்ந்ததே ஒரு பயணிகள் விமானத்தின் என்ஜினை வைத்துத்தான். ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டின் என்ஜின்.

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் இந்தச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். அங்கே வேலை செய்கிறவர்கள் காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி என்று இரட்டைப் பாதுகாப்பு போட்டுக்கொள்வது அதனால்தான்.

எல்லாப் போர் விமானமும் ஒரே மாதிரி அலறாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் என்ஜினை ஏறக்குறைய 90 சதவீதத்துக்குக் கொண்டுபோகும்போது ஓர் ஊளை எழுப்பும். அது காற்று உள்ளே நுழையும் வாயில் எழும் ஒத்ததிர்வு; புல்லாங்குழல் ஊதுவது மாதிரி. 2015-ல் கடைசியாகப் பறந்த வல்கனின் ஊளையைக் கேட்பதற்காகவே ஆட்கள் திரண்டு வந்தார்கள். இரைச்சல் என்று நான் புகார் எழுதும் ஒன்றை இன்னொருவர் சங்கீதமாகக் கேட்பார், என்ன செய்வது.

கேள்வி: கான்கார்டு உண்மையிலேயே அவ்வளவு சத்தமா? வேண்டுமென்றே கிளப்பிவிட்ட புரளி என்று ஒரு நண்பர் வாதிடுகிறார்.

புரளி இல்லை. நான்கு ஒலிம்பஸ் என்ஜின்கள், கிளம்பும்போது நான்கிலும் ஆஃப்டர்பர்னர். மேலே பேசிய எல்லாக் குற்றங்களும் ஒரே விமானத்தில். 1976 ஜனவரியில் பயணிகள் சேவை தொடங்கியும் நியூயார்க்குக்குள் நுழைய அதற்கு 1977 நவம்பர் வரை ஆனது. இடையில் விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நியூயார்க்கில் விமானிகள் ஒரு வித்தையைக் கையாண்டார்கள். குறிப்பிட்ட ஓடுபாதையிலிருந்து எழும்பியதுமே இடப்பக்கம் திரும்பி நீர்ப்பரப்புக்கு மேலே போய்விடுவார்கள். ஒலிமானிகள் இருந்த பகுதியைத் தவிர்க்கத்தான். என் போன்றவர்களுக்கு இது வயிற்றெரிச்சல், ஆனால் விதிக்கு உட்பட்டதுதான்.

உங்கள் நண்பர் குழம்புவது அநேகமாக வேறொரு இடத்தில். கிளம்பும் இரைச்சல் வேறு, ஒலியின் வேகத்தைத் தாண்டிய பிறகு வரும் வெடிமுழக்கம் வேறு. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும்தானே 'டமார்' என்று கேட்கும்?

பாடப்புத்தகம் படித்தவர்களே செய்யும் தவறு இது. ஒலியை முந்திப் பறக்கும் வரைக்கும் விமானம் அந்த அதிர்வலையைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. படகுக்குப் பின்னால் விரியும் அலை மாதிரி. கரையில் நிற்பவர் காலில் அந்த அலை ஒரு தடவைதான் மோதும், ஆனால் படகு போகும் வழி நெடுகக் கரையில் மோதிக்கொண்டே போகும். கான்கார்டு பறந்த உயரத்தில், அந்த முழக்கம் தரையில் சுமார் 80 கிலோமீட்டர் அகலத்துக்குப் படியும்.

மக்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்களா என்று அமெரிக்கா பரிசோதித்தும் பார்த்தது. 1964-ல் ஓக்லஹோமா நகரத்தின் மீது ஆறு மாத காலத்தில் 1,253 முழக்கங்கள், திட்டமிட்டு, பகல் நேரத்தில். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்ததாகப் புகார்கள் குவிந்தன. 1973-ல் தரைக்கு மேல் சிவில் விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறக்க அந்த நாடு தடை போட்டது. கான்கார்டு கடலுக்கு மேல் மட்டும் வேகம் எடுத்ததன் காரணம் புரிந்திருக்கும்.

இப்போது நாசாவுக்காக லாக்ஹீட் மார்ட்டின் கட்டியிருக்கும் எக்ஸ்-59, இந்த முழக்கத்தையே மழுங்கடிக்கப் பார்க்கிறது. 2025 அக்டோபரில் முதல் தடவையாகப் பறந்தது. சுமார் 30 மீட்டர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் மூக்குதான். அதிர்வலைகள் ஒன்றுசேர்ந்து பெருத்துவிடாமல் தனித்தனியாகச் சிதறிப் போகட்டும் என்பதற்காக அந்த வடிவம். கொஞ்சம் தள்ளி ஒரு காரின் கதவைச் சாத்துவது போன்ற சத்தம்தான் தரைக்கு வர வேண்டும் என்பது இலக்கு.

கேள்வி: சார், ஏர்பஸ் விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போது கீழே நாய் குரைப்பது மாதிரி கேட்கிறது. பயமாக இருக்கிறது. சரக்கு அறையில் நாயா?

இல்லை. ஏ320 குடும்ப விமானங்களின் பிரசித்தி பெற்ற குரைப்பு அது. விமானத்தின் பாகங்களை அழுத்தத் திரவத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்று இருக்கின்றன; அவற்றில் இரண்டுக்குப் பச்சை, மஞ்சள் என்று பெயர். இந்த இரண்டில் ஒன்றில் அழுத்தம் குறைந்தால் மற்றதன் அழுத்தத்தைக் கொண்டு அதை ஏற்றிவிட நடுவில் ஒரு கருவி உண்டு. ஒரே ஒரு என்ஜினை ஓட்டிக்கொண்டு விமானம் தரையில் நகரும்போது அந்தக் கருவி விட்டு விட்டு வேலை செய்யும். 'வவ்... வவ்...' என்று இறக்கைக்குப் பக்கத்து இருக்கைகளில் நன்றாகக் கேட்கும். ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், தைரியமாக இருங்கள்.

இதே குடும்ப விமானங்களில், வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கும் இன்னொரு சத்தமும் உண்டு. இறங்க வரும்போது கீழே நிற்பவருக்குக் கேட்கும் மெல்லிய விசில். இறக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டியின் அழுத்தத்துக்காக வட்டத் துளைகள் இருக்கின்றன. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வரும் சத்தம்தான் அங்கே வருகிறது. துளைக்கு முன்னால் ஒரு சின்னத் தகடைப் பொருத்தி, காற்றைக் கலைத்துவிட்டு, விசிலைப் போக்கினார்கள். பழைய விமானங்களில் இதைப் பொருத்தத் தொடங்கியவர்களில் முந்தியது லுஃப்தான்சா, 2014-ல். கோடிக்கணக்கில் செலவழித்து என்ஜினை அமைதியாக்கிய பிறகு, உள்ளங்கை அகலத் தகடு ஒன்று இத்தனை வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி: ஹெலிகாப்டர் வருவது மட்டும் ஏன் அவ்வளவு தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது?

தாழ்ந்த சுருதி. தாழ்ந்த அதிர்வெண் ஒலியைக் காற்று அவ்வளவாக உறிஞ்சுவதில்லை, சுவரும் தடுப்பதில்லை. அமெரிக்காவின் ஹ்யூயி ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 14.6 மீட்டர் விட்டத்தில் இரண்டே அலகுகள், நிமிடத்துக்கு 324 சுற்று. நொடிக்குப் பதினொரு அடி, 'தப் தப் தப்' என்று. முன்னோக்கிப் பறக்கும்போது, முன்னால் வரும் பக்கத்து அலகின் முனை ஒலியின் வேகத்தில் 90 சதவீதத்தை நெருங்கும். மறுபடியும் அதே முனை வேகம்தான் வில்லன்.

இறங்கும்போது சத்தம் கூடுவதற்கு வேறு காரணம். முன் சென்ற அலகு விட்டுப்போன காற்றுச்சுழலைப் பின்வரும் அலகு நேராக மோதுகிறது. வால் பக்கத்து விசிறியைக் கூட்டுக்குள் அடக்கி, அலகுகளை வேண்டுமென்றே சமமில்லாத இடைவெளியில் வைக்கும் வடிவமைப்பு ஒன்று உண்டு. ஒரே சுருதியில் ஊளையிடாமல் சத்தம் பல சுருதிகளாகச் சிதறிவிடும். ஆற்றல் அதேதான், காதுக்கு உறுத்தல் குறைவு.

கேள்வி: பழைய பயிற்சி விமானம் ஹார்வர்டு ஒரே ஒரு என்ஜினை வைத்துக்கொண்டு ஏன் அப்படிக் கத்துகிறது?

கியர் இல்லாமல் என்ஜினோடு நேராக இணைத்த, 2.7 மீட்டர் புரொப்பெல்லர். முழு வேகத்தில் முனை நொடிக்கு 320 மீட்டரைத் தாண்டும். ஒலியின் வேகம் 340. இனி நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: இரவில் அதே விமானம் அதிகச் சத்தமாகக் கேட்பது பிரமையா?

பாதி பிரமை, பாதி பௌதிகம். சுற்றுச் சத்தம் அடங்கிவிடுவதால் எடுப்பாகக் கேட்கிறது. அதோடு, தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று கீழே இருப்பதைவிடச் சூடாக இருக்கும். அப்போது ஒலி மேலே போய்த் தொலையாமல் வளைந்து தரைக்கே திரும்பும். தொலைவில் ஓடுபாதையில் விமானம் ஓடத் தொடங்குவதுகூடக் கேட்கும்.

இன்னொருவர், சத்தம் வரும் இடத்தில் விமானம் இல்லையே என்று கேட்டிருக்கிறார். பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலி கீழே வர அரை நிமிடம் பிடிக்கும். அதற்குள் விமானம் ஏழெட்டுக் கிலோமீட்டர் போய்விட்டிருக்கும்.

கேள்வி: விமானத்துக்குள் எந்த இருக்கை அமைதியானது?

இறக்கையில் என்ஜின் மாட்டிய விமானத்தில், இறக்கைக்கு முன்னால். உயரத்தில் பறக்கும் நேரத்துக்குத்தான் இது பொருந்தும். கிளம்பும்போது விசிறி அலகுகளின் முனைகள் ஒலியை மிஞ்சிச் சுற்றுவதால் மரம் அறுக்கும் வாள் போன்ற 'கிர்ர்' சத்தம் முன்பக்கம்தான் பாயும். வாலில் என்ஜின் வைத்த விமானத்தில் கடைசி வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். எந்த இருக்கையும் உதவாத விமானம் ஒன்று இருந்தது, சோவியத் யூனியனின் டியூ-144. 1977–78-ல் கொஞ்ச காலம் பயணிகளை ஏற்றிச் சென்ற அதன் உள்ளே, பக்கத்து இருக்கைக்காரரோடு பேசுவதே பெரும்பாடு.

கேள்வி: விமானக் கண்காட்சிக்கு மூன்று வயதுக் குழந்தையைக் கூட்டிப்போகிறேன். காதில் பஞ்சு வைத்தால் போதுமா?

போதாது. பஞ்சு தடுக்கும் ஒலி மிகக் கொஞ்சம். குழந்தைகளுக்கென்று விற்கும், காதை முழுதாக மூடும் வளையக் காதுமூடியை வாங்குங்கள். நுரை அடைப்பானை அந்த வயதில் சரியாகச் செருக முடியாது, பிடுங்கி வாயில் வேறு போட்டுக்கொள்வார்கள். நீங்களும் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடங்களுக்கான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். ஆஃப்டர்பர்னர் போட்டுக் கிளம்பும் விமானம் அதைவிடப் பல படி மேலே. ஓடுபாதை வேலிக்குப் பக்கத்தில் இடம் பிடிக்காமல் பின்னால் தள்ளி நில்லுங்கள். காதுமூடியை வீட்டிலேயே இரண்டு நாள் மாட்டிப் பழக்கிவிடுங்கள், இல்லையென்றால் முதல் விமானம் வருவதற்குள் அது தரையில் கிடக்கும்.